பக்கத்து லாயத்துக் குதிரைக்கே மருந்து: குதிரை, கழுதை ஹேர்பிஸும் பரிசோதனை நிலைச் சிகிச்சைகளும்

கொப்புளிப்பானோ அக்கியோ வந்த வீட்டில் அசைக்ளோவிர் புதிய பெயரில்லை. 800 மி.கி. குளிசை, ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஏழு நாள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ எந்தப் பாமசியிலும் சீட்டைக் காட்டினால் எடுத்துத் தருவார்கள். அந்த இரண்டு நோயும் மனிதரின் ஹேர்பிஸ் வைரஸ் ஒன்றால் வருபவை. அதனால் ஒரு குதிரைக்கு ஹேர்பிஸ் என்று மிருக வைத்தியர் சொன்னவுடன், "அதே குளிசையைக் கூட்டிக் கொடுத்தால் சரிவராதா டொக்டர்?" என்று உரிமையாளர் கேட்பது இயல்பு.

அசைக்ளோவிர் குளிசை குதிரைக்குச் சரிவராது. எத்தனை கொடுத்தாலும் சரிவராது. அதன் உறவுக்கார மருந்துகள் இரண்டு மூன்று பயன்படக்கூடும். ஆனால் அவை பயன்படும் காலம் மிகக் குறுகியது. பின்கால் தள்ளாடத் தொடங்கிய குதிரைக்கு அந்தக் காலம் பெரும்பாலும் கடந்திருக்கும். அதற்குப் பக்கத்து லாயத்தில் நின்று இன்று காலைதான் 38.8 பாகை காய்ச்சல் காட்டிய குதிரைக்கு அது இன்னும் மிச்சமிருக்கும். இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் கீழே வரும் மருந்துகளை எடைபோடுவது எளிது.

இலங்கையில் குதிரைகள் குறைவு என்பதால் இது நமக்குத் தொடர்பில்லாத விடயம் என்று நினைக்க வேண்டாம். கொழும்பில் பொலிஸ் குதிரைப் பிரிவு இருக்கிறது, சவாரிப் பயிற்சி லாயங்கள் இருக்கின்றன. ஏப்ரலில் நுவரெலியாப் பந்தயத்துக்காகக் குதிரைகள் ஓரிடத்தில் கூடுகின்றன. நெடுந்தீவில் கட்டாக்காலிக் குதிரைகள், மன்னாரிலும் கற்பிட்டியிலும் கழுதைகள், தெகிவளை மிருகக்காட்சிச்சாலையில் வரிக்குதிரைகள். எண்ணிக்கை குறைந்த இடத்தில் ஒரு விலங்கை இழப்பது பெரிய இழப்பு. கையிருப்பில் மருந்தும் பழகிய கைகளும் குறைவாக இருப்பதும் அங்கேதான்.

ஒரு பெயர், பல வைரஸ்கள்

குதிரை இனத்தைத் தாக்கும் ஹேர்பிஸ் வைரஸ்கள் ஒன்பது எனக் கணக்கிடப்பட்டுள்ளன. சிகிச்சை பற்றிப் பேசும்போது எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். ஒன்றுக்கு வேலை செய்யும் மருந்து மற்றொன்றுக்கு வேலை செய்யாமல் போகலாம்.

ஈஎச்வி என்பது குதிரை ஹேர்பிஸ் வைரஸ் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அவற்றில் ஈஎச்வி-1தான் மிகவும் அஞ்சப்படுவது. மூச்சுத்தொகுதி நோய், சினைக்காலத்தின் கடைசி மாதங்களில் கருச்சிதைவு, முண்ணாண் பாதிப்பால் வரும் தள்ளாட்டம் ஆகிய மூன்றும் இதன் வேலை. ஈஎச்வி-4 பெரும்பாலும் இளங்குதிரைகளின் சளிக்காய்ச்சலோடு நின்றுவிடும். ஈஎச்வி-3 இனப்பெருக்க உறுப்புகளில் கொப்புளம் போடும். ஈஎச்வி-2 கண்ணைத் தாக்குவதாகவும், ஈஎச்வி-5 நுரையீரலில் முடிச்சு முடிச்சாக நார் படியச் செய்யும் நோயோடு தொடர்புள்ளதாகவும் அறியப்பட்டுள்ளது. ஈஎச்வி-6, 7, 8 மூன்றும் கழுதைகளின் வைரஸ்கள். ஈஎச்வி-8 மரபணு அளவில் ஈஎச்வி-1க்கு மிக நெருங்கியது. ஈஎச்வி-9 முதலில் ஜப்பானில் கசல் மான்களில் கண்டறியப்பட்டது.

மிருகக்காட்சிச்சாலைக்காரர்கள் மனதில் வைக்க வேண்டிய ஒரு சம்பவம் உண்டு. 2010இல் ஜேர்மனியின் வுப்பெற்றால் விலங்கியற் பூங்காவில் ஒரு பனிக்கரடி மூளை அழற்சியால் இறந்தது. அதன் உடலில் கிடைத்தது ஈஎச்வி-1இன் துண்டும் ஈஎச்வி-9இன் துண்டும் கலந்த வைரஸ். வரிக்குதிரைகளின் வைரஸ் அது. குதிரை ஹேர்பிஸ் குதிரைக் கொட்டகைக்குள் மட்டும் அடங்கியிருக்கும் என்ற எண்ணம் தவறு. மனிதருக்கு இது தொற்றுவதில்லை என்பது ஆறுதல். ஆனால் மனிதரின் கையும் உடுப்பும் வாளியும் இதைச் சுமந்து செல்லும்.

உடலுக்குள் நடப்பதன் கால அட்டவணை

ஈஎச்வி-1 மூக்கு வழியாக நுழைகிறது. முதல் ஓரிரு நாளில் மூக்கின் உட்தோலில் பெருகி முதற் காய்ச்சலைக் கொடுக்கிறது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. குதிரை ஒரு வேளை தீனியை மிச்சம் வைக்கும், அவ்வளவுதான். அங்கிருந்து வெண்குருதிக் கலங்களுக்குள் புகுந்து, ஏறத்தாழ நாலாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை உடலெங்கும் சுற்றுகிறது. பெரும்பாலும் இந்த வேளையில்தான் இரண்டாவது காய்ச்சல் வருகிறது. கலங்களுக்கு உள்ளேயே பயணம் செய்வதால் குருதியில் உள்ள பிறபொருளெதிரிகள் அதை எளிதில் பிடிப்பதில்லை. பிறகு கருப்பையின் அல்லது முண்ணாணின் நுண்ணிய குருதிக் குழாய்களின் உட்சுவரில் அது இறங்குகிறது. அங்கே அழற்சி ஏற்பட்டு, குருதி உறைந்து, குழாய் அடைபட்டு, அப்பால் உள்ள இழையத்துக்கு ஒட்சிசன் நின்றுபோகிறது. தள்ளாட்டமும் சிறுநீர் சொட்டுதலும் வால் தளர்தலும் இந்த அடைப்பின் விளைவுகள்.

வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் மருந்தால் ஏற்கெனவே அடைபட்ட குழாயைத் திறக்க முடியாது. தள்ளாட்டம் தெரியும் நாளில் குருதியில் வைரஸ் குறைந்துகொண்டு வரும். மருந்தின் இலக்கே நழுவிப்போன பிறகு மருந்தைத் தொடங்குகிறோம். ஹேர்பிஸ் மருந்துகளைப் பற்றிய ஏமாற்றங்களில் பாதிக்கு மேல் இங்கேயே பிறக்கின்றன.

நோய் தணிந்த பின்னும் வைரஸ் போய்விடுவதில்லை. முகத்தின் முந்நரம்புத் திரட்டிலும் நிணநீர்க் கலங்களிலும் உறங்கிக் கிடக்கும். நீண்ட பயணம், பால் மறக்கச் செய்தல், அறுவை, ஸ்டீரொய்ட் ஊசி ஆகியவை அதை எழுப்பிவிடும். கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு லொறியில் ஏறும் குதிரை வெயிலிலிருந்து குளிருக்கும், பழகிய லாயத்திலிருந்து அந்நியக் குதிரைகளின் நடுவுக்கும் ஒரே நாளில் போகிறது. உறங்கும் வைரஸுக்கு இதைவிட நல்ல அழைப்பு வேண்டியதில்லை. இப்போது கையில் உள்ள மருந்து எதுவும் உறங்கும் வைரஸைத் தொடுவதில்லை.

அசைக்ளோவிர் குளிசை ஏன் தோற்கிறது

அசைக்ளோவிர் தானாக எதையும் செய்யாது. வைரஸின் தைமிடின் கைனேஸ் என்ற நொதியம் அதில் முதல் பொஸ்பேற்றை ஒட்ட வேண்டும். பிறகு கலத்தின் சொந்த நொதியங்கள் இன்னும் இரண்டை ஒட்டும். அப்போதுதான் அது வைரஸ் டிஎன்ஏ சங்கிலியில் புகுந்து, அடுத்த கண்ணி கோர்க்க இடமில்லாமல் சங்கிலியை முறிக்கும். வைரஸ் இல்லாத கலத்தில் இது நடப்பதில்லை என்பதால்தான் மருந்து பாதுகாப்பானது. ஆனால் மனித ஹேர்பிஸின் நொதியத்தோடு ஒப்பிட்டால் ஈஎச்வி-1இன் நொதியம் இந்த மருந்தை மந்தமாகவே கையாளுகிறது. ஆய்வுகூடக் கலங்களில் ஈஎச்வி-1ஐப் பாதியாகக் குறைக்க மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 1.7 முதல் 3 மைக்ரோகிராம் தேவைப்பட்டது.

குதிரைக்குக் கிலோவுக்கு 20 மி.கி. வாய்வழி கொடுத்தபோது குருதித் திரவவிழையத்தில் கிடைத்த உச்ச அளவு சுமார் 0.2 மைக்ரோகிராம். தேவையின் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். குடல் உறிஞ்சுவது 3 சதவீதம் அளவில்தான். மீதி சாணத்தோடு போகிறது.

நாளத்தினூடாக ஏற்றினால் அளவு எட்டும். கிலோவுக்கு 10 மி.கி., 12 மணிக்கொரு தடவை, சேலைனில் நன்றாக ஐதாக்கி ஒரு மணிநேரம் எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் வியர்வையும் நடுக்கமும் வரும். கரைசல் கடும் காரத்தன்மை உடையது. நாளத்தை விட்டு வெளியே கசிந்தால் தசையும் தோலும் புண்ணாகும். மருந்து விரைவாக வெளியேறுவதால் நாளின் பெரும்பகுதியில் அளவு மறுபடி தேவைக்குக் கீழே இறங்கிவிடும். குட்டிகளுக்கு இது ஒரு வழி. 450 கிலோ குதிரைக்குப் பத்து நாள் இப்படிச் செய்வது ஆளணியும் பணமும் உள்ள மருத்துவமனைக்கே இயலும்.

வலசைக்ளோவிர்: இரண்டு ஆய்வுகள், இரண்டு முடிவுகள்

அசைக்ளோவிரில் வலின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டினால் வலசைக்ளோவிர். குடற்சுவர் அதை உணவுச்சத்து என்று எண்ணி உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஈரலில் வலின் கழன்று அசைக்ளோவிர் வெளிவருகிறது. குதிரையில் உறிஞ்சப்படும் பங்கு ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டாலும், குறைந்த கணக்கே 26 சதவீதம் அளவில் இருக்கிறது. 3 சதவீதத்தோடு ஒப்பிட்டால் பெரிய பாய்ச்சல்.

பலன்? பெல்ஜியத்தில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில் மட்டக்குதிரைகளுக்குக் கிலோவுக்கு 40 மி.கி. வீதம் நாளுக்கு மூன்று தடவை கொடுத்தார்கள். நோய்க்குறியிலோ மூக்கு வழி வைரஸ் வெளியேற்றத்திலோ குருதியில் வைரஸ் சுற்றுவதிலோ வேறுபாடு தெரியவில்லை. அமெரிக்காவில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், நரம்பைத் தாக்கும் வகை ஈஎச்வி-1ஐ வயதான பெண் குதிரைகளுக்குத் தொற்றச் செய்தார்கள். முன்கூட்டியே மருந்து தொடங்கியவற்றில் காய்ச்சலும் வைரஸ் வெளியேற்றமும் தள்ளாட்டமும் குறைந்தன. தாமதித்துத் தொடங்கியபோது நன்மை சுருங்கியது.

இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்குவதாக எடுக்கத் தேவையில்லை. முதல் ஆய்வில் விலங்குகள் மிகச் சில. அவற்றில் முண்ணாண் நோய் எதிர்பார்க்கக்கூடியதும் அல்ல. வயதான, உயரமான, பெண் குதிரைகளில்தான் நரம்பு நோய் கூடுதலாக வருகிறது. நோய் வரும் விலங்கில்தான் மருந்தின் பலனை அளக்க முடியும். ஆனாலும் ஒரு சிறு ஆய்வின் நல்ல முடிவை வைத்து, வந்த குதிரைக்கெல்லாம் குளிசை எழுதுவது சரியில்லை. எங்கள் கணிப்பில் வலசைக்ளோவிருக்கு ஓர் இடம் இருக்கிறது: அதே கொட்டகையில் ஈஎச்வி-1 உறுதியாகி, மற்றொரு குதிரைக்குக் காய்ச்சல் தொடங்கி, நடையில் இன்னும் பிசகில்லை என்ற நிலை. அங்கே அன்றைக்கே தொடங்க வேண்டும்.

பரவலாகப் பின்பற்றப்படும் அளவு இது: முதல் இரண்டு நாள் கிலோவுக்கு 27 மி.கி. 8 மணிக்கொரு தடவை. அதன்பின் கிலோவுக்கு 18 மி.கி. 12 மணிக்கொரு தடவை, ஒன்று முதல் இரண்டு வாரம். நிறையை ஊகிக்க வேண்டாம். நெஞ்சுச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்ட முனை வரையான நீளத்தையும் சென்ரிமீற்றரில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோகிராம் வரும். சுற்றளவு 180, நீளம் 165 என்றால் 450 கிலோ.

அந்தக் குதிரைக்கு முதல் இரண்டு நாள் ஒரு வேளைக்கு 12.15 கிராம், ஆறு வேளை. அடுத்த எட்டு நாள் ஒரு வேளைக்கு 8.1 கிராம், பதினாறு வேளை. மொத்தம் 202.5 கிராம், அதாவது 500 மி.கி. குளிசை 405. அக்கி வந்த ஒருவருக்கு ஏழு நாளைக்கு 42 குளிசை போதும். ஒரு குதிரை ஏறத்தாழ பத்து நோயாளிகளின் மருந்தை எடுத்துக்கொள்கிறது. 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்ட ஊரில் இந்தக் கணக்கை மறந்துவிட்டு ஒரு தெருவின் பாமசிகளை எல்லாம் வழித்துத் துடைப்பது முறையில்லை. மிருக வைத்தியரின் சீட்டோடு மொத்த விற்பனையாளரிடம் முன்கூட்டியே கேட்டு ஒழுங்கு செய்வதுதான் சரியான வழி.

கொடுக்கும் விதத்தில் பிழைகள் நிறைய நடக்கின்றன. குளிசையின் மேற்பூச்சு தண்ணீரில் உடனே கரையாது. உரலில் நன்றாக இடித்து, வேளைக்கு வேளை புதிதாகக் குழைக்க வேண்டும். காலையில் குழைத்ததை இரவு வரை வைத்தால் மருந்து ஈரத்தில் சிதையத் தொடங்கும். கசப்பு கடுமை, சீனிப்பாணியோ கித்துள் பாணியோ கலந்து, நுனி அகன்ற 60 மில்லிலீற்றர் சிரிஞ்சில் எடுத்து, பல் இல்லாத வாயோர இடைவெளி வழியே நாக்கின் பின்பக்கம் செலுத்த வேண்டும். முதலில் வாயைக் கழுவிப் புல் எச்சம் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்; புல் இருந்தால் மருந்தையும் சேர்த்துத் துப்பிவிடும். நிலத்தில் பாதி விழுந்தால் அந்த வேளை பாதி மருந்துதான் போயிருக்கிறது. தீவனத்தில் தூவிவிட்டு "கொடுத்தாயிற்று" என்று குறித்து வைப்பது, காய்ச்சலால் தீனி எடுக்காத குதிரைக்கு மருந்தே கொடுக்காததற்குச் சமம்.

மருந்து சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. கொழும்பு வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நிற்கும் குதிரையில் அது சிறுநீரகக் குழாய்களில் படிகமாக உறையலாம். காய்ச்சலுக்குப் புளுனிக்சினும் நோய்த்தொற்றுக்கு ஜென்டாமைசினும் கூடவே போனால் மூன்றும் ஒரே உறுப்பின் மேல் ஏறி அமர்கின்றன. தொடங்கும் முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ஒரு கிரியற்றினின் பரிசோதனை, நாலு ஐந்து நாளில் இன்னொன்று. இரவும் பகலும் சுத்தமான தண்ணீர். ஒரு பக்கத்தில் உப்புக் கலந்த வாளி.

கன்சைக்ளோவிரும் அதன் குளிசையும்

ஆய்வுகூடத்தில் ஈஎச்வி-1க்கு எதிராக அசைக்ளோவிரைவிடக் கன்சைக்ளோவிர் வலிமையானது. நாளத்தினூடாகக் கிலோவுக்கு 2.5 மி.கி., முதல் நாள் 8 மணிக்கொரு தடவை, பிறகு 12 மணிக்கொரு தடவை என்பதே குதிரைகளின் மருந்தியக்க ஆய்விலிருந்து வந்த அளவு. தள்ளாட்டத்தின் ஆரம்பத்திலேயே ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால் நிபுணர்கள் இதைத்தான் நாடுகிறார்கள்.

இதன் வாய்வழி வடிவம் வல்கன்சைக்ளோவிர். பிரான்ஸின் ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான சேர்மங்களைக் கலங்களில் சலித்துப் பார்த்து, அதிலிருந்து எடுத்த இந்த மருந்தை மட்டக்குதிரைகளில் சோதித்து 2022இல் வெளியிட்டார்கள். கிலோவுக்கு 6.5 மி.கி., முதல் நாள் மூன்று தடவை, பின்னர் 13 நாள் இரண்டு தடவை. நோய்க்குறி, வைரஸ் வெளியேற்றம், குருதியில் வைரஸ் ஆகிய மூன்றும் குறைந்தன. எட்டே விலங்குகள் கொண்ட ஆய்வு அது என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் வாய்வழி மருந்துகளில் இதுவரை மிக நம்பிக்கை தருவது இதுதான் என்று சொல்வோம்.

450 கிலோ குதிரைக்கு ஒரு வேளைக்கு 450 மி.கி. குளிசை ஆறரை, முழுச் சுற்றுக்கு 29 வேளை, கிட்டத்தட்ட 190 குளிசை. விலை ஒரு தடை. அதைவிட முக்கியமானது, இடிக்கும்போது எழும் தூள். கன்சைக்ளோவிர் கருவைப் பாதிக்கும். புற்றுநோய் அச்சமும் உண்டு. கையுறை, முகக்கவசம், தனியான உரல், மூடிய இடம் எல்லாம் கட்டாயம். கர்ப்பிணிகள் குளிசையையோ வாளியையோ தொடக்கூடாது. லாயத்தில் குளிசை இடிக்கும் வேலை பெரும்பாலும் பராமரிப்பாளரின் தலையில் விழுகிறது. அவருக்கு இதை எடுத்துச் சொல்வது மருந்து எழுதுபவரின் பொறுப்பு.

ஃபாம்சைக்ளோவிர் குதிரையில் நன்றாக உறிஞ்சப்பட்டு பென்சைக்ளோவிராக மாறுகிறது என்பது ஜப்பானிய ஆய்வில் தெரிந்தது. நோயில் அதன் பலனுக்கான சான்று வல்கன்சைக்ளோவிர் அளவுக்குச் சேரவில்லை.

வைரஸைத் தொடாத ஒரு மருந்து: ஹெப்பரின்

குழாய் அடைப்புத்தான் முண்ணாணைக் கெடுக்கிறது என்றால், உறைதலைத் தடுத்தால் என்ன? ஜேர்மனியில் ஒரு நோய்ப்பரவலின் நடுவில் இது முயலப்பட்டது. பரவலின் பத்தாம் நாளிலிருந்து காய்ச்சல் கண்ட 31 குதிரைகளுக்குத் தோலுக்கடியில் 25,000 அலகு ஹெப்பரின், நாளுக்கு இரண்டு தடவை, மூன்று நாள் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் நரம்பு நோய் வந்தது. அதற்கு முன் காய்ச்சல் கண்டு ஹெப்பரின் பெறாத 30இல் ஏழுக்கு வந்தது. 2016இல் இது வெளியானது.

சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு அல்ல இது. பரவலின் பிற்பகுதியில் நோய் தானாகவே வீரியம் குறைந்திருக்கலாம்; பராமரிப்பும் மேம்பட்டிருக்கலாம். ஆயினும் அளவு எளிது: மருத்துவமனைகளில் உள்ள 5 மில்லிலீற்றர் குப்பி ஒன்றில் 25,000 அலகு இருக்கும், ஒரு வேளைக்கு ஒரு குப்பி. சாதாரண ஹெப்பரின் குதிரையின் செங்குருதிக் கலங்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, குருதிச்சோகை போன்ற தோற்றத்தைப் பரிசோதனையில் காட்டும், நிறுத்தினால் சரியாகும். காய்ச்சல் கட்டத்தில் இதைச் சேர்ப்பது நியாயமான முயற்சி என்பது எங்கள் எண்ணம்.

ஆய்வுகூடத்தில் நின்றுவிட்டவை

வைரஸின் மரபணுச் செய்தியையே வெட்டும் சிறு ஆர்என்ஏ துண்டுகளை மூக்கில் செலுத்தும் முயற்சி அமெரிக்காவில் நடந்தது. கலங்களில் அழகாக வேலை செய்தது. குதிரையில் மூக்கு வழி வெளியேற்றமோ குருதியில் வைரஸோ குறையவில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதே: மூக்கின் உட்தோலில் சளியும் நொதியங்களும் உள்ளன, மருந்து எட்டும் பரப்பு சிறியது, வைரஸோ சில மணிநேரத்தில் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது.

லைசின் தூளை விற்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். குதிரை ஹேர்பிஸில் அது உதவும் என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை. அந்தப் பணத்தில் இரண்டு நல்ல வெப்பமானி வாங்கலாம்.

கண், நுரையீரல்

கண்ணில் கதை மாறுகிறது, மருந்தை நேரே போடலாம் என்பதால். கருவிழியில் புள்ளி புள்ளியாகவோ கோடு கோடாகவோ மங்கல் விழும் ஹேர்பிஸ் அழற்சிக்கு 0.1 சதவீத ஐடொக்சியூரிடின் சொட்டு அல்லது 0.15 சதவீதக் கன்சைக்ளோவிர் ஜெல், நாளுக்கு நாலைந்து தடவை. நம் காலநிலையில் பொறி வேறிடத்தில் உள்ளது: ஈரமும் வெப்பமும் சேர்ந்த கொழும்பில் பங்கசு தொற்றிய கருவிழியும் இதே போலத் தோன்றலாம். நிறச்சாயமிட்டுப் பார்க்காமல், சுரண்டல் மாதிரியை நுணுக்குக்காட்டியில் பார்க்காமல், கையில் கிடைத்த ஸ்டீரொய்ட் சொட்டை விட்டால் பங்கசு கண்ணைத் தின்றுவிடும், ஹேர்பிஸும் பெருகும்.

ஈஎச்வி-5 தொடர்பான நுரையீரல் நார்ப்படிவுக்கு ஸ்டீரொய்டோடு வலசைக்ளோவிரும் கொடுப்பது வழக்கமாக இருந்தது. 2018இல் வெளியான ஆய்வில், பத்து நாள் வலசைக்ளோவிர் கொடுத்த பின்னும் வைரஸ் அளவு குறிப்பிடத்தக்கதாகக் குறையவில்லை. ஈஎச்வி-1இல் ஓரளவு கைகொடுக்கும் மருந்து வேறு குடும்பக் கிளையில் தடுமாறுவதற்கு இது உதாரணம்.

கழுதை சிறிய குதிரை இல்லை

மன்னார்க் கழுதைக்குக் குதிரை அளவை நிறைக்கேற்பக் குறைத்துக் கொடுப்பது எளிதாகத் தோன்றும். கழுதையின் உடல் பல மருந்துகளைக் குதிரையைவிட விரைவாக வெளியேற்றுகிறது. வலி, அழற்சி மருந்துகளான பினைல்பியூட்டசோனிலும் புளுனிக்சினிலும் இது அளந்து காட்டப்பட்ட உண்மை. மேலே சொன்ன வைரஸ் மருந்தளவுகள் எல்லாம் குதிரைகளில் அளந்தவை. நெஞ்சுச் சுற்றளவுச் சூத்திரமும் கழுதைக்குப் பொருந்தாது, உடலமைப்பு வேறு.

இன்னொரு ஆபத்து. தீனியை நிறுத்திய கழுதையின் குருதியில் கொழுப்பு வேகமாக ஏறி ஈரலைக் கெடுக்கும். ஹேர்பிஸைவிட இது முந்திக் கொல்லலாம். காய்ச்சல் கழுதைக்கு முதற் சிகிச்சை அதைத் தின்ன வைப்பதுதான். கூட்டத்திலிருந்து தனிமைப்படுத்தும்போது அதன் இணைக் கழுதையையும் கூட வைத்திருங்கள். துணை பிரிந்த கழுதை தீனியைத் தொடாது. கழுதை நோயை மறைக்கும் விலங்கு. தலையைத் தொங்கவிட்டு நின்றாலே நோய் முற்றியிருக்கிறது என்று கொள்ளலாம்.

கழுதை வளர்ப்பு பெருகிய சீனாவில் ஈஎச்வி-8ஆல் கருச்சிதைவும் மூளை அழற்சியும் பதிவாகியுள்ளன. அங்கே ரூட்டின் போன்ற தாவரச் சேர்மங்களைக் கலங்களிலும் எலிகளிலும் சோதிக்கிறார்கள். எலியில் குறைந்தது கழுதையில் குறையும் என்பதற்கு இடையில் நீண்ட தூரம் இருக்கிறது.

காய்ச்சலைப் பிடிப்பது எப்படி

எல்லாமே காய்ச்சல் தொடங்கும் மணிநேரத்தில் தொங்குவதால் வெப்பமானிதான் முதல் கருவி. ஒவ்வொரு குதிரைக்கும் நாளுக்கு இரண்டு தடவை. விடியற்காலை வெயில் ஏறுமுன் ஒன்று, மாலை வேலை முடிந்து ஒரு மணிநேரம் நிழலில் நின்ற பின் ஒன்று. நண்பகலில் தகரக் கூரைக்குக் கீழே அளந்தால் நலமான குதிரையும் காய்ச்சல் காட்டும். 38.5 வரை வழமை. அதைத் தாண்டினால் அரை மணியில் மறுபடி அளந்து உறுதிப்படுத்துங்கள். புளுனிக்சினோ பினைல்பியூட்டசோனோ கொடுக்கும் முன் அளக்க வேண்டும்; கொடுத்த பின் கிடைக்கும் இலக்கம் உண்மையை மூடிவிடும். ஒவ்வொரு குதிரைக்கும் தனி வெப்பமானி வைக்க முடிந்தால் நல்லது.

காய்ச்சல் உறுதியானால் அதே நாளில் இரண்டு மாதிரிகள்: ஆழ்ந்த மூக்குத் துடைப்பு, ஊதா மூடிக் குழாயில் உறையாத குருதி. செயற்கை நார் முனைத் துடைப்பான் வேண்டும். மூக்கில் இல்லாதபோது குருதியில் இருக்கலாம், மறுதலையாகவும். ஒன்றை மட்டும் அனுப்பினால், வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை ஏமாற்றும். ஐஸ் பெட்டியில் 4 பாகையில் அனுப்புங்கள், குருதியை உறையவிடக்கூடாது. கன்னொறுவை மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகத்துக்கோ பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கோ அனுப்பும் முன் ஈஎச்வி-1 பிசிஆருக்கான பொருட்கள் அன்றைக்குக் கையிருப்பில் உண்டா என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். முடிவு வரும் வரை காத்திருந்தால் மருந்தின் காலம் போய்விடும்; கொட்டகையில் முன்னரே ஒன்று உறுதியாகியிருந்தால் காய்ச்சலே போதிய காரணம்.

தடுப்பூசி இந்தக் கணக்கை மாற்றவில்லை. மூச்சுநோய்க்கும் கருச்சிதைவுக்கும் அது ஓரளவு உதவும். நரம்பு நோயைத் தடுக்கும் என்று எந்தத் தடுப்பூசியும் உரிமை கோருவதில்லை. 2011இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் போட்டி ஒன்றிலிருந்து பரவியபோது 90 குதிரைகளில் நோய் உறுதியாகி 13 இறந்தன. 2021இல் ஸ்பெயினின் வலென்சியாப் பரவலுக்குப் பின் ஐரோப்பாவில் பல வாரம் சர்வதேசப் போட்டிகள் நிறுத்தப்பட்டன. பரவலை நிறுத்தியது நடமாட்டத் தடை. மருந்து துணைக்கு நின்றது.

ஆகவே குளிசை தொடங்கிய குதிரையும் தனிமையில்தான் நிற்க வேண்டும். மருந்து வைரஸ் வெளியேற்றத்தைக் குறைக்கலாம், நிறுத்தாது. கடைசிக் காய்ச்சலிலிருந்து 21 நாள், முடிந்தால் 28 நாள், தனி வாளி, தனி பிரஷ், தனிப் பராமரிப்பாளர். ஒரே ஆள்தான் இருக்கிறார் என்றால் நலமான குதிரைகளை முதலிலும் நோயாளியைக் கடைசியிலும் பார்க்க வேண்டும். சாணமும் வைக்கோலும் ஒட்டிய தரையில் ப்ளீச் செயலிழக்கும். சவர்க்காரத்தால் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, பிறகு ஒரு பங்கு ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர். அந்த 28 நாளுக்குள் நுவரெலியா லொறி புறப்பட்டால், அந்தக் குதிரைக்கு இம்முறை இடமில்லை.